பெருந்தரவுத் தளங்களும் மறையாக்கமும்

கல்லூரி நூல்நிலையத்திற் புகுந்து ஒரு புத்தகத்தைக் கேட்டு வாங்குகின்றோம். அப்புத்தகம் மறைபொருளன்று, விலைகொடுத்தால் எந்தக் கடையிலுங் கிடைக்கக்கூடியதே. ஆயினும், இன்ன மாணவன் இன்ன நாளில் இன்ன புத்தகத்தை எடுத்துச் சென்றான் என்று குறிக்கும் பதிவேட்டை நூல்நிலையத்தார் தெருவாயிலில் விரித்துவைப்பதில்லை. ஒருவன் குஷ்டரோகத்தைப்பற்றிப் படிக்கின்றான். ஒருவன் கடன் தீர்க்க வகையில்லாதவர்க்குரிய சட்டத்தைப்பற்றிப் படிக்கின்றான். ஒருத்தி தன் தந்தையார் ஒப்பாத ஒரு சமயத்தைப்பற்றிப் படிக்கின்றாள். இவற்றை வழிப்போக்கரெல்லாம் அறிதல் தகாது என்பதை யாரும் நமக்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. புத்தகம் பொது, அதனைக் கேட்டவர் பெயர் பொதுவன்று.

இவ்வேறுபாட்டை மனத்திற்கொண்டால், யாம் ஈண்டு ஆராயப் புகுந்த வினா எளிதில் விளங்கும். பெருந்தொகையான தரவுகளை, அஃதாவது படங்கள், காட்சிகள், அளவீட்டு அட்டவணைகள், கலைக்களஞ்சியப் பக்கங்கள் முதலியவற்றை எல்லார்க்கும் வழங்கும் ஒரு வலைத்தளம், தன் போக்குவரத்து முழுவதையும் மறையாக்கி அனுப்புதல் வேண்டுமா? அன்றிக் கடவுச்சொல் கேட்கும் பக்கங்களை மட்டும் மறைத்து, ஏனையவற்றை வெளிப்படையாக விடுதல் போதுமா? கணினி நூல் பயிலும் நம் மாணவர் பலர் நாளை இத்தகைய தளங்களை நடத்தப்போகின்றவராதலின், இஃது அவர்க்கு வெறும் ஏட்டுக்கேள்வியன்று.

மறையாக்கம் என்னுஞ் சொல்லைக் குறித்து ஒரு வார்த்தை. மறை என்பது வேதத்திற்கும் இரகசியத்திற்கும் பொதுப்பெயராய் வழங்குவது. இங்கே பின்னையதே பொருள். குறியாக்கம் என்பாருமுளர். எது சிறந்ததென்னும் வழக்கைத் தமிழாசிரியர்பால் விட்டு, பொருளை நோக்குவோம்.

வாசகர் ஒருவர் பிரவுசரில் ஒரு முகவரியைத் தட்டியவுடன், அவருடைய கேள்வி நேரே சர்வரைச் சென்றடைவதில்லை. வீட்டு வைஃபை, தொலைபேசிக் கம்பெனி, நாட்டெல்லையிலுள்ள பெருந்தடம், கடலடிக் கம்பி எனப் பல கைகள் மாறியே செல்லும். எச்.டி.டி.பி. என்னும் பழைய முறையில் இக்கைகள் ஒவ்வொன்றும் கேள்வியையும் விடையையும் படிக்கலாம். வேண்டுமாயின் திருத்தவுஞ் செய்யலாம். எச்.டி.டி.பி.எஸ். முறையிலோ, முதற்கண் சர்வர் தான் இன்னதென்பதற்குச் சான்றிதழ் காட்டும். பின்னர்ப் பிரவுசரும் சர்வரும் வேறெவரும் அறியாத ஒரு சாவியைத் தமக்குள் உண்டாக்கிக்கொள்ளும். அதன்பின் செல்லும் ஒவ்வோரெழுத்தும் அச்சாவியாற் பூட்டப்பட்டு, இடையில் எவரேனும் மாற்றினால் உடனே வெளிப்படுமாறு முத்திரையும் இடப்பட்டே செல்லும். ஆகவே இம்முறையால் நாம் பெறுவன மூன்று: பிறர் படியாமை, பிறர் திருத்தாமை, பேசுகின்றவர் இன்னாரென்னுந் தெளிவு. இம்முறையின் மூதாதையை நெட்ஸ்கேப் கம்பெனியார் 1995-ஆம் ஆண்டில் வெளியிட்டபொழுது, கடனட்டை எண்களைக் காத்தலே பெருநோக்கமாயிருந்தது. காசு செல்லும் வழிக்கே பூட்டு வேண்டும், மற்ற வழிகளுக்கு வேண்டாம் என்னும் எண்ணம் அப்பிறப்பிலிருந்து வந்ததே போலும்.

இனி, முழு மறையாக்கம் வேண்டாமென்பாரின் முதற்கூற்றைக் காண்போம். “எம் தளத்திலிருப்பது யாவும் பொதுத்தரவு, மறைக்கத்தக்கது ஒன்றுமில்லை, ஆதலாற் பூட்டு வீண்” என்பது அது. கேட்பதற்கு நேர்மையாகவே தோன்றுகின்றது. ஆயினும் இவர் புத்தகத்தைப் பார்த்தாரேயன்றிப் பதிவேட்டைப் பார்த்திலர். விக்கிப்பீடியாவினும் பொதுவான தளம் யாது? அதிற் பூட்டிவைத்த பக்கம் ஒன்றுமில்லை. எனினும், எட்வர்ட் ஸ்னோடன் என்பார் 2013-ஆம் ஆண்டில் வெளிப்படுத்திய அமெரிக்க உளவு நிறுவனத்தாளொன்றில், வெளிப்படையாகச் செல்லும் வலைப்போக்குவரத்தைக் கவனித்தலால் வரும் பயனுக்கு எடுத்துக்காட்டாக நின்ற பெயர்களுள் விக்கிப்பீடியாவும் ஒன்று. அவ்வுளவாளர் கலைக்களஞ்சியத்தைப் படிக்க விரும்பினாரல்லர். அதனைப் படிப்பவரைப் படிக்க விரும்பினார். அவ்வாண்டு ஆகஸ்டு மாதத்தில் விக்கிமீடியா நிறுவனத்தார் தம் கணக்கில் நுழைவோரிற் பெரும்பாலார்க்கு மறையாக்கத்தை ஏற்படுத்தினர். 2015-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் எல்லா வாசகர்க்கும், எல்லாப் பக்கங்களுக்கும் அதனை விரித்தனர். அதே மாதத்தில் அமெரிக்க ஐக்கிய அரசாங்கமும், பொதுமக்களுக்கான தன் தளங்கள் யாவும் 2016-ஆம் ஆண்டின் இறுதிக்குள் எச்.டி.டி.பி.எஸ். முறைக்கு மாறவேண்டுமென்று ஆணையிட்டது. விண்வெளிப் படங்களையும் வானிலை அளவீடுகளையும் மலைமலையாகக் குவித்துவைத்திருக்கும் அரசாங்கத் தளங்களும் அவ்வாணைக்குட்பட்டனவே. எப்பக்கம் நுண்ணியது, எப்பக்கம் அன்று என்று தரம்பிரிக்க முயலாமல், ஒருவர் பார்ப்பதெல்லாம் அவர்க்குரிய சொந்தச் செய்தியென்று கொள்க என்பதே அதன் கருத்து.

விக்கிப்பீடியாவின் மாற்றத்தால் விளைந்தது இன்னுஞ் சற்று நின்று நோக்கத்தக்கது. மறையாக்கம் வருமுன், ஓர் அரசாங்கம் தான் விரும்பாத ஒரு பக்கத்தை மட்டும் தனியே அடைக்கக்கூடும். ஈரானில் பாரசீக விக்கிப்பீடியாவின் 963 பக்கங்கள் அவ்வாறு அடைக்கப்பட்டிருந்ததை 2013-இல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி கண்டறிந்தது. மறையாக்கம் வந்தபின், வழியிலுள்ளார்க்குத் தளத்தின் பெயர் தெரியுமேயன்றிப் பக்கத்தின் பெயர் தெரியாது. ஆகவே அடைத்தால் முழுவதையும் அடைத்தல் வேண்டும். இல்லையேல் முழுவதையும் விடுதல் வேண்டும். 2015-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், சரஸ் என்னும் கஞ்சாப்பிசினைப் பற்றிய ஒரு பக்கத்திற்காக உருசிய அதிகாரிகள் அந்நாட்டு விக்கிப்பீடியா முழுவதையுமே அடைக்குமாறு பணித்தனர். ஒரு நாள் கழிவதற்குள் அதனைத் திரும்பப் பெற்றனர். ஆனால் எல்லா அரசாங்கமும் அவ்வாறு பின்வாங்குவதில்லை. துருக்கி 2017-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் முழுத்தளத்தையும் அடைத்தது. அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம் தீர்ப்பளித்தபின், 2020-ஆம் ஆண்டு ஜனவரியிலேதான் கதவு திறந்தது. சீனம் 2019-ஆம் ஆண்டு முதல் எல்லாமொழி விக்கிப்பீடியாக்களையும் அடைத்துள்ளது. மறையாக்கம் தணிக்கையாளரின் கையிலிருந்த சிறுகத்தியைப் பறித்தது. அவரிற் சிலர் கோடரியை எடுத்தனர். இதனால் இழந்தோருமுளர் என்பதை மறைத்தல் நேர்மையன்று. ஆயினும், இம்மாற்றத்தால் உலகளவில் விக்கிப்பீடியாவின் திறப்பு குறையாமல் மிகுந்ததென்றே ஹார்வர்டு பல்கலைக்கழகத்தார் 2017-இல் வெளியிட்ட ஆராய்ச்சி முடிவுசெய்தது. எம் அபிப்பிராயமும் அதுவே.

படித்தல் ஒருபுறமிருக்க, திருத்துதலைப்பற்றி மக்கள் போதிய அளவு எண்ணுவதில்லை. துனீசியாவில் 2010-ஆம் ஆண்டின் இறுதியில் மக்கள் கிளர்ச்சி எழுந்தபொழுது, பேஸ்புக்கின் நுழைவுப்பக்கம் வழியிலேயே மாற்றப்பட்டது; உட்செருகிய சில வரிகள் கடவுச்சொற்களைக் களவாடிக்கொண்டு சென்றன. 2015-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், சீனத்துப் பைடு கம்பெனியின் தளத்தினின்று வெளிப்படையாக வந்த சிறு நிரல்களுட் சில எல்லையிலே நிறுத்தப்பட்டு, அவற்றிற்குப் பதிலாக வேறு நிரல்கள் அனுப்பப்பட்டன. அவற்றைப் பெற்ற அயல்நாட்டார் கணினிகள், தம்மையறியாமலே கிட்ஹப் என்னுந் தளத்தின்மேற் படையெடுத்தன. அந்நிரல் யாரோ சில வாசகரின் எண்ணிக்கையைக் கணக்கிடுவதற்கானது. அதில் மறைக்கத்தக்கது யாதொன்றுமில்லை. மறைக்கத்தக்கதில்லாத அப்பொருளே ஆயுதமாயிற்று. நம் நாட்டிலும் அதே ஆண்டில் ஒரு பெரிய தொலைபேசிக் கம்பெனி, தன் வாடிக்கையாளர் பார்க்கும் பக்கங்களிற் தன் நிரலைச் செருகிவந்தமை பெங்களூரில் வெளிப்பட்டு, பத்திரிகைகளிற் பெரும்பேச்சாயிற்று. வானிலை அட்டவணை பொதுவாயிருக்கலாம். அதிலுள்ள எண் வழியில் மாறிவிடுமாயின், பொதுவாயிருந்து என்ன பயன்?

இவ்வளவும் ஒப்பினும், “செலவை யார் தாங்குவது?” என்னும் வினா நிற்கின்றது. பெருந்தரவுத் தளத்தார்க்கு இதுவே மெய்யான வினா. சிறிய பக்கங்களை வழங்குவோர்க்கு இதற்கு விடை 2010-ஆம் ஆண்டிலேயே கிடைத்துவிட்டது. அவ்வாண்டு ஜிமெயில் முழுவதையும் மறையாக்கிய கூகுள் கம்பெனியின் பொறியாளர், அதனாற் கணிப்புவேலை நூற்றுக்கு ஒரு பங்குகூட மிகவில்லை என்றும், போக்குவரத்து நூற்றுக்கு இரண்டு பங்குகூடப் பெருகவில்லை என்றும் கூறினர். ஆனால் கடிதம் வேறு, திரைப்படம் வேறு. ஒரு கடிதத்திற் பெரும்பாடு, சாவியை உண்டாக்குந் தொடக்க உரையாடலே. ஒரு திரைப்படத்திலோ, தொடக்கம் அற்பம். பின்வரும் கோடிக்கணக்கான எழுத்துக்களைப் பூட்டுவதே பெரும்பாடு.

அதன் காரணத்தை ஓர் உவமையால் விளக்குவோம். ஒரு பண்டசாலையினின்று மூட்டைகள் வண்டிக்கு ஏற்றப்படுகின்றன. கூலியாள் மூட்டையை எடுத்து நேரே வண்டியில் வைக்கின்றான். கணக்கர் மேசையிலிருந்தபடியே சீட்டுமட்டும் எழுதுகின்றார். மறையாக்கமற்ற சர்வரில் நடப்பது இதுவே: கோப்பு, தட்டினின்று நினைவகத்திற்கு வந்து, அங்கிருந்து நேரே நெட்வொர்க் கார்டுக்குச் செல்லும், மையச்செயலி ‘இதனை அனுப்புக’ என்று சொல்லுமேயன்றிக் கோப்பைத் தொடாது. மறையாக்கம் வந்தாலோ, ஒவ்வொரு மூட்டையும் கணக்கர் மேசைக்குக் கொணரப்பட்டு, அவிழ்க்கப்பட்டு, வேறு சாக்கிற் கட்டப்பட்டு, முத்திரையிடப்பட்டு, மறுபடியும் வண்டிக்குச் செல்லவேண்டும். கணக்கர் கை விரைவானதே. 2010-ஆம் ஆண்டு முதல் இன்டெல் செயலிகளில் இவ்வேலைக்கென்றே தனிக்கட்டளைகள் அமைந்துள்ளன. இடர்ப்பாடு அவர் கையிலன்று, வாயிலில். ஒருமுறை கடந்த மூட்டை இப்பொழுது இருமுறை, மும்முறை கடத்தலால், நினைவகத்தின் வாயில் நெருங்கிப்போகின்றது.

நெட்பிளிக்ஸ் கம்பெனியார் கண்டது இவ்விடரையே. வெளிப்படையாக அனுப்பிவந்த தம் காட்சிகளை மறையாக்கினால், ஒவ்வொரு சர்வரின் திறனும் மூன்றிலொரு பங்கு முதற் பாதிவரை குறையுமென்று அவர்கள் 2014-இல் மதிப்பிட்டனர். அஃதாவது, உலகெங்கும் வைத்துள்ள சர்வர்களை ஏறக்குறைய இருமடங்காக்க நேருமென்பதாம். அவர்கள் அவ்வாறு இருமடங்காக்கினாரல்லர், பண்டசாலையைத் திருத்தியமைத்தனர். தாம் ஆளும் ஃப்ரீ-பி.எஸ்.டி. இயங்குதளத்தின் உட்கருவிலேயே பூட்டும் வேலையைப் புகுத்தினர். கணக்கர் மேசையைக் கூலியாள் செல்லும் வழியிலேயே போட்டாற்போல. அதுபற்றிய கட்டுரையை அப்பொறியாளர் 2015-இல் வெளியிட்டனர். நிரலையும் பொதுமைக்கு ஈந்தனர். 2017-ஆம் ஆண்டில் ஒரே சர்வர், மறையாக்கிய காட்சிகளை ஒரு செக்கண்டுக்கு 100 கிகாபிட் வீதம் அனுப்பிற்று. பின்னர்ப் பூட்டும் வேலையை நெட்வொர்க் கார்டே ஏற்கக் கற்றது. 2021-இல் அவ்வளவு 400 கிகாபிட்டாயிற்று. முடியாதென்று தோன்றிய செலவு, ஏழாண்டிற் பொறியியல் வேலையாய்க் கரைந்தது.

இதில் மாணவர் கவனிக்கவேண்டியது மற்றொன்றுண்டு. நெட்பிளிக்ஸின் திரைக்காட்சிகள், களவாடுவோர்க்கு அஞ்சி முன்னமே தனியாகப் பூட்டப்பட்டிருந்தன. அங்ஙனமாயின், பூட்டிய பெட்டியை மீண்டும் பூட்டுவானேன்? முன்னைப்பூட்டு படத்தைக் காத்தது, கம்பெனியின் பொருட்டு. பின்னைப்பூட்டு பார்ப்பவரைக் காத்தது. இதனினும் தெளிவாக அவ்விரண்டையும் வேறுபடுத்திக் காட்டும் எடுத்துக்காட்டு எமக்குத் தெரியவில்லை.

நடுவழியொன்று சொல்வாருமுளர். தரவை வெளிப்படையாக அனுப்பி, அதன்மேற் கையொப்பம் மட்டும் இடுவோம், திருத்தினால் தெரிந்துவிடும், செலவும் இல்லை என்பர். இது இழிக்கத்தக்க கருத்தன்று. டெபியன் லினக்ஸ் இயங்குதளத்தார் தம் மென்பொருட் பொதிகளை நெடுங்காலம் இவ்வாறே வழங்கினர். பொதிகள் எல்லார்க்கும் ஒன்றே. உலகெங்குமுள்ள கல்லூரிகள் அன்பினால் நடத்தும் படிவச் சர்வர்களிலிருந்து அவை வருகின்றன. ஒவ்வொன்றுங் கையொப்பத்தாற் சரிபார்க்கப்படுகின்றது. ஆயினும் 2019-ஆம் ஆண்டு ஜனவரியில், அப்பொதிகளைப் பெறும் ‘ஆப்ட்’ என்னும் நிரலில் ஒரு பிழை வெளிப்பட்டது. வழியிலிருப்பவன் ஒருவன் அப்பிழையால் தான் விரும்பிய பொதியைக் கையொப்பச் சோதனைக்குத் தப்பவைத்துப் பிறர் கணினியில் நிறுவக்கூடும். பிழையைத் திருத்தும் பொதியும் அதே வெளிப்படை வழியே வரவேண்டியிருந்ததால், அதனைப் பெறுவதற்குத் தனி எச்சரிக்கை கூறவேண்டியதாயிற்று. கையொப்பம் வேண்டாவென்பது இதன் பொருளன்று. மறையாக்கத்திற்குப் பதிலாக அது நில்லாது என்பதே. பெருந்தரவுக் கோப்புகளை வழங்குவோர் இரண்டையுஞ் செய்தல் தக்கது. கையொப்பம், கோப்பு எந்தக் கை வழியே வந்தாலும் மெய்யென்று காட்டும். மறையாக்கம், கேட்டவரைக் காக்கும்.

பாதித்தளத்தைப் பூட்டிப் பாதியைத் திறந்துவிடுதலும் நில்லாது. பக்கம் பூட்டியதாய், அதிலுள்ள படம் திறந்ததாய் இருப்பின், படத்தைக் கொண்டே பக்கத்தை அறியலாம். அன்றியும், திறந்த பக்கத்திலிருந்து பூட்டிய பக்கத்திற்குச் செல்லும் இணைப்பையே ஒருவன் வழியில் மாற்றி, வாசகரைத் திறந்த வழியிலேயே நிறுத்திக்கொள்ளலாம் என்பதை மாக்சி மார்லின்ஸ்பைக் என்பார் 2009-இல் செய்துகாட்டினார். சான்றிதழ்ச் செலவோ, லெட்ஸ் என்கிரிப்ட் நிறுவனத்தார் 2015-ஆம் ஆண்டு டிசம்பர் முதல் இலவசமாக வழங்கத் தொடங்கியபின் ஒரு சாக்காக நிற்பதற்குரியதன்று.

ஆகவே முழுவதையும் மறையாக்குக என்பதே எம் முடிபு. ஆயினும் இம்முடிபினால் நட்டமடைவோர் உண்டு; அவர் சர்வர் வைத்திருப்பவரல்லர், செல்வருமல்லர். எரிக் மேயர் என்னும் அமெரிக்க வலைவடிவமைப்பாளர், உகாண்டா நாட்டுக் கிராமப்புறத்திற் கற்பித்துவந்த அனுபவத்தை 2018-இல் எழுதினார். அங்கே இணையம் வருவது செயற்கைக்கோள் வழியே, மெதுவாகவும், அளவுக்குட்பட்டும். பழைய முறையில் இத்தகைய பள்ளியார் தம்மிடத்தே ஓர் இடைச்சர்வரை வைத்துக்கொள்வர். முதன் மாணவன் ஒரு பக்கத்தைக் கேட்டால் அது வானத்தினின்று வரும். அடுத்த முப்பது மாணவர்க்கும் அவ்விடைச்சர்வரே தன் சேமிப்பினின்று கொடுக்கும். மறையாக்கம் வந்தபின், வழியிலுள்ள உளவாளனைப் போலவே அவ்விடைச்சர்வருங் குருடாயிற்று. பூட்டிய பெட்டியில் என்னவிருக்கின்றதென்று அது அறியாது. ஒருவனுக்கு வந்ததை மற்றொருவனுக்குக் கொடுக்க அதனாலாகாது. முப்பத்தொரு மாணவர்க்கும் முப்பத்தொரு முறை வானத்தினின்று வரவேண்டும். பெருங்கம்பெனிகளுக்கு இவ்விடர் இல்லை; நெட்பிளிக்ஸ் தன் சாவியுடன் தன் சர்வரையே தொலைபேசிக் கம்பெனிகளின் கட்டிடத்திற் கொண்டுபோய் வைக்கின்றது. காட்டூர்ப் பள்ளிக்கு யார் வைப்பார்?

இக்குறையைக் காட்டி மறையாக்கத்தையே விலக்குவார் கூற்றை யாம் ஒப்புவதற்கில்லை. அப்பள்ளி மாணவர்க்கும் பதிவேட்டில் மறைவு வேண்டும், ஒருகால் மற்றவரினும் மிகுதியாக. ஆயினும் மறையாக்கமே முழுமறைவு என்று மயங்குதலும் ஆகாது. தளத்தின் பெயர் பெரும்பாலும் வெளியே தெரிந்தே செல்கின்றது. பெட்டிக்குள் இருப்பது தெரியாவிடினும் பெட்டியின் அளவு தெரியும்: மறையாக்கிய நெட்பிளிக்ஸ் காட்சிகளின் துண்டளவுகளை மட்டுங் கொண்டு, ஒருவர் பார்ப்பது இன்ன படமென்று கண்டுபிடிக்கலாமென அமெரிக்க இராணுவக் கல்லூரியார் 2017-இல் நிறுவினர். சர்வரின் உட்பதிவேடோ மறையாக்கத்திற்கு அப்பாற்பட்டது. அதனை எத்தனை நாள் வைத்திருப்பதென்பதைத் தளத்தார் தாமே தீர்மானிக்க வேண்டும்.

காட்டூர்ப் பள்ளிக்கு வேறொரு வழி உண்டு. 2007-ஆம் ஆண்டில் தோன்றிய கிவிக்ஸ் என்னும் மென்பொருள், விக்கிப்பீடியா முழுவதையும் ஒரே கோப்பாக வழங்கிவருகின்றது. படங்களுடன் கூடிய ஆங்கிலப் பதிப்பு ஏறத்தாழ 100 கிகாபைட். தமிழ்ப் பதிப்பு அதனினும் மிகச் சிறியது. பட்டினத்தில் ஒருமுறை எடுத்து, ஒரு சிறு வட்டிற் போட்டுப் பேருந்திற் கொண்டுசென்று பள்ளிக் கணினியிற் சேர்த்துவிடலாம். அதன்பின் அங்குள்ள மாணவி குஷ்டரோகத்தைப் பற்றிக் கேட்டாலும், தந்தையார் ஒப்பாத சமயத்தைப் பற்றிக் கேட்டாலும், அக்கேள்வி பள்ளியின் சுவரைத் தாண்டுவதேயில்லை.